கண்டதைக் கண்டபடி

இருபத்தாறு வருஷமாக ஒரே மைக்ரோஸ்கோப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அந்த லேப்காரிக்கு ஆஸ்பத்திரியில் வைத்திருந்த பெயர் பூதக்கண்ணாடி. முதுகுக்குப் பின்னால்தான். முகத்துக்கு நேரே எல்லோருக்கும் அவள் "மேடம்". அவள் நடைபாதையில் எதிரே வந்தால் கூட்டிப் பெருக்குகிறவர் முதல் தலைமை டாக்டர் வரை ஒருமுறை சட்டைப் பித்தானைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள்.

அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்பது அந்தக் கட்டடத்தில் எழுதாத சட்டம். உடம்பு சரியில்லை என்று லீவு போட்டுவிட்டு ஊர் சுற்றியவர்களை, மூக்கு நுனி கறுத்திருப்பதை வைத்தே பிடிப்பாள். வீட்டில், கணவர் சிகரெட் பிடித்துவிட்டு வந்தால் கதவைச் சாத்துகிற விதத்திலேயே தெரிந்துவிடும் என்பாள். "தப்பு பண்ணினவன் கதவை மெதுவாத்தான் சாத்துவான்" என்பது அவளே கண்டுபிடித்த விதி.

கணவர் கார் ஓட்டக் கற்றுத்தருகிறவர். பிறர் மிதிக்க மறந்த பிரேக்கை நாள் முழுக்க மிதித்துக் களைத்து வருகிற மனிதர் கதவை மெதுவாகத்தான் சாத்துவார், சிகரெட் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும். மாட்டிக்கொண்ட தடவைகள் சொந்தபந்தம் நடுவே கதையாக உலாவின. சும்மா திட்டு வாங்கிய தடவைகளை யாரும் எண்ணவில்லை. ஜோசியக்காரர்களுக்கும் பேர் இந்த வழியாகத்தான் வருகிறது.

அவள் வேலை இதுதான். காய்ச்சல்காரரின் விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் பூசுவாள். அதற்குப் பேர் ஸ்லைடு. அதில் ஊதாச் சாயம் ஏற்றி, ஒரு துளி எண்ணெய் விட்டு, மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைப்பாள். ஒரு பார்வைக்குத் தெரிகிற இடம் ஒரு வட்டம். ஸ்லைடைக் கொஞ்சம் நகர்த்தினால் அடுத்த வட்டம். ஒரு ஸ்லைடுக்கு நூறு வட்டம் பார்க்கவேண்டும் என்பது விதி. மலேரியாக் கிருமி இருந்தால் ரத்த அணுவுக்குள் குட்டியாக ஒரு மோதிரம் தெரியும், கல் பதித்த மோதிரம். ஆனால் சாயத்தூசியும் சில நேரம் மோதிர வேஷம் போட்டுக்கொண்டு வந்து நிற்கும். எது தங்கம், எது பித்தளை என்று சொல்லத்தான் அந்த நாற்காலி.

கண்ணை வைப்பதற்கு முன்னால் அவள் தவறாமல் செய்கிற காரியம் ஒன்று உண்டு. டாக்டர் எழுதிய சீட்டைப் படிப்பாள். 'மூன்று நாளாகக் காய்ச்சல், குளிர் நடுக்கம்' என்று இருந்தால் அவள் கண் சுறுசுறுப்பாகிவிடும். 'உடல்தகுதிச் சான்றிதழுக்காக' என்று இருந்தால் கண்ணே கொட்டாவி விடும்.

"சீட்டைப் பார்த்தாலே பாதி தெரிஞ்சிடும். மீதிக்குத்தான் மைக்ரோஸ்கோப்" என்பாள்.

அடுத்த அறையில் டாக்டர், "எனக்குச் சந்தேகம்தான். மேடம் பார்த்துச் சொன்னா முடிஞ்சுது" என்பார். டாக்டர் லேபை நம்பினார். லேப் டாக்டர் சீட்டை நம்பியது. இரண்டு குடிகாரர்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துகொண்டு நடந்தால், தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு இரண்டு பேரும் நிதானத்தில் இருப்பதாகத்தான் தோன்றும்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வண்டியை நிறுத்தியது மேலிடத்திலிருந்து வந்த ஓர் உத்தரவு. நகரத்தின் மறுகோடியில் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரியின் லேபை மூடி, இதோடு சேர்க்கப்போகிறார்கள். இரண்டு லேப்காரிகளில் ஒருத்திக்கு மைக்ரோஸ்கோப். இன்னொருத்திக்கு வாசலில் சீட்டுப் பதிகிற மேசை. பெயர், வயது, போன் நம்பர் எழுதி டோக்கன் கிழித்துக் கொடுக்கிற இடம். முதுகுக்குப் பின்னால் கதவிடுக்குக் காற்று, முகத்துக்கு முன்னால் ஊர் இருமல்.

அந்த இன்னொருத்தி வேறு யாருமில்லை. அவள் நாத்தனார்தான், கணவரின் தங்கை. லேப் படிப்புப் படிக்கச் சொல்லி அவளுக்கு யோசனை சொன்னதே பூதக்கண்ணாடிதான். சொன்ன வாயைப் பிறகு பலமுறை நொந்துகொண்டாள். நாத்தனார் பொறுமைசாலி, மெதுவாகப் பேசுகிறவள். பொறுமைசாலிகளைப் பூதக்கண்ணாடிக்கு ஆகாது. எதையோ மறைக்கிறார்கள் என்பது அவள் கட்சி.

யாருக்கு எந்த இடம் என்று முடிவு செய்யத் தலைமையகத்திலிருந்து தர ஆய்வாளர் வந்தார். பைக்குள் காகிதத்தைவிட ஒட்டுச்சீட்டு அதிகம் வைத்திருந்ததால் வந்த அன்றைக்கே அவருக்கு ஸ்டிக்கர் என்று பெயர் விழுந்தது. ஐம்பது பழைய ஸ்லைடுகளை ஒரு பச்சைப் பெட்டியில் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். பழைய நம்பரெல்லாம் உரித்தெடுக்கப்பட்டு, ஒன்றிலிருந்து ஐம்பது வரை புது நம்பர் ஒட்டியிருந்தது.

"ரெண்டு பேருக்கும் இதே ஐம்பதுதான் மேடம். அவங்க பார்த்து முடிச்சாச்சு. நீங்க பார்த்து இந்தத் தாள்ல எழுதிடுங்க."

அவள் தாளைப் பார்த்தாள். தலைப்பில் அச்சடித்திருந்தது: 'கண்டதைக் கண்டபடி எழுதவும்.'

"கண்டபடி எழுதறதுக்கு எதுக்கு சார் பரீட்சை? அதுக்கு என் நாத்தனாரே போதுமே."

ஸ்டிக்கர் சிரிக்கவில்லை. சிரிப்பதற்கான கட்டம் அவர் படிவத்தில் இல்லை போலும்.

"சீட்டெல்லாம் எங்க சார்?"

"சீட்டு கிடையாது மேடம்."

"ஆளுக்கு என்ன தொந்தரவுன்னே தெரியாம எப்படிப் பார்க்கிறது?"

"அதை நீங்க பார்த்துச் சொல்லணும்னுதான் கொடுக்கிறோம்."

அவள் கண் பெட்டியின்மேல் இருந்தது. அவள் லேபில் ஸ்லைடு வைக்கிற பெட்டியெல்லாம் மரக்கலர். பச்சைப் பெட்டி நாத்தனார் லேபில் மட்டும்தான். ஒரு நொடியில் விஷயம் விளங்கிவிட்டது. நாத்தனார் பார்த்துத் தப்புத்தப்பாக எழுதியதையெல்லாம் வாரிக்கொண்டு வந்திருக்கிறார்கள். சரிபார்க்க ஆள் வேண்டும். வேறு யாரிடம் போவார்கள்?

சீட்டு இல்லாததால் நூறு வட்டத்தையும் பார்த்தே தீரவேண்டியிருந்தது. கழுத்து இற்றுப்போனது. மூன்றாம் நாள் காலை முடித்துக் கொடுத்ததும் ஸ்டிக்கர் இன்னொரு தாளை நீட்டினார். அந்த ஐம்பது ஸ்லைடுகளையும் முன்பு முதன்முதலாகப் பார்த்தபோது எழுதிய முடிவுகள், புது நம்பர் வரிசையில். எங்கெல்லாம் அவள் முடிவு மாறுகிறதோ, அங்கெல்லாம் காரணம் எழுதவேண்டும்.

ஒன்பது இடத்தில் மாறியது. ஒன்பதும் அவளுக்கு அல்வா மாதிரி. வீட்டுக்கே தாளைக் கொண்டுவந்து, தேநீரை ஆறவிட்டு, எழுத எழுதக் கணவருக்குப் படித்துக் காட்டினாள்.

"'நம்பர் ஆறு. இது மோதிரமில்லை, சாயத்தூசி. இதைக்கூட அடையாளம் தெரியாதவருக்குக் கண்ணாடி மாற்றும் நேரம் வந்துவிட்டது.' எப்படி?"

"எல்லாமே என் தங்கச்சி பார்த்ததுதானா?"

"பச்சைப் பெட்டிங்க. அவளோடதுதான்."

"பெட்டி அவளோடதுன்னா உள்ள இருக்கிறதும் அவளோடதா? நம்ம அலமாரியில டப்பா மேல பிஸ்கட் படம் போட்டிருக்கு. திறந்தா ஊசியும் நூலும்தான இருக்கு?"

"நீங்க பிரேக் போடறதோட நிறுத்திக்கங்க. இதைக் கேளுங்க. நம்பர் முப்பத்தேழு. எழுபத்திநாலாவது வட்டத்துல ஒரு மோதிரம், தொண்ணூத்தியொண்ணுல இன்னொண்ணு. ரெண்டே ரெண்டுதான், ஆனா சுத்தத் தங்கம். முன்னாடி பார்த்த மகராசி என்ன எழுதியிருக்கா தெரியுமா? 'இல்லை'யாம்! எழுதறேன் பாருங்க. 'இதைப் பார்த்தவர் முப்பது வட்டத்தோடு எழுந்து போயிருக்கிறார். இவரை இனி மைக்ரோஸ்கோப் பக்கமே விடக்கூடாது.'"

கீழே கையெழுத்தும் போட்டாள், தேதியோடு.

கணவர் ஆறிப்போன தேநீரை அவள் பக்கம் நகர்த்தினார். "பாவம், அந்த ஆளுக்கு அப்புறம் என்ன ஆச்சோ" என்றார்.

"என்ன ஆயிருக்கும்? வேற எங்கயாவது நல்ல லேப்பாப் பார்த்துப் போயிருப்பான்."

அவர் எழுந்து வெளியே போனார். கதவு சாத்திய சத்தமே கேட்கவில்லை. சிகரெட்தான் என்று அவள் முடிவு கட்டினாள்.

மறுநாள் டாக்டர் அறையில் கூடினார்கள். ஸ்டிக்கர் நடுவில். நாத்தனார் ஜன்னலோரம், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு. டாக்டர் தன் அறையிலேயே விருந்தாளி மாதிரி ஓரத்தில்.

"முதல்ல ஒண்ணு கேக்கணும்" என்று ஆரம்பித்தாள் பூதக்கண்ணாடி. நாத்தனார் எழுதிய தாள் மேசைமேல் கிடந்ததை வந்தவுடனே தலைகீழாகப் படித்து முடித்திருந்தாள். "மூணு ஸ்லைடுக்கு 'சரியாத் தெரியல'ன்னு எழுதியிருக்கியே, இத்தனை வருஷம் பார்த்துட்டு, அதென்ன தெரியல? ஒண்ணு இருக்கணும், இல்ல இல்லாம இருக்கணும்."

"இருக்கும், இல்ல இல்லாம இருக்கும் அண்ணி. எனக்குத்தான் தெரியல."

"தெரியலைன்னு எழுத ஒரு ஆளு வேணுமா?"

ஸ்டிக்கர் தொண்டையைச் செருமினார். "தலைமையகத்துல மூணாவதா ஒருத்தர் இந்த ஐம்பதையும் பார்த்தாங்க. அதே மூணு ஸ்லைடு அவங்களுக்கும் பிடிபடல. மறுபடி சாயமேத்தி, ரெண்டு பேரா உட்கார்ந்து பார்த்துத்தான் முடிவு பண்ணினாங்க."

அவள் நாற்காலியில் சற்றுச் சாய்ந்துகொண்டாள். "சரி. என் ஒன்பதுக்கு வாங்க."

"வர்றேன் மேடம். இந்த ஐம்பதுல இருபத்தஞ்சு அவங்க முன்னாடி பார்த்தது. இருபத்தஞ்சு நீங்க பார்த்தது."

"பச்சைப் பெட்டி..."

"காலியா இருந்த பெட்டி அது ஒண்ணுதான். யாரோடதுன்னு நான் சொல்லவே இல்லையே. நீங்க குறை சொன்ன ஒன்பதுல மூணுதான் அவங்களோடது. மீதி ஆறும் நீங்களே எழுதின முடிவு."

டாக்டருக்கு அவசரமாக இருமல் வந்தது.

நாத்தனார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எனக்கும் அதே பச்சைப் பெட்டிதான் அண்ணி கொடுத்தார். நான் எல்லாம் என்னோடதுன்னு நினைச்சுட்டேன். நம்மளை நாமளே திட்டிக்க முடியுமா? அதான் காரணத்தையெல்லாம் கொஞ்சம் தணிவா எழுதினேன். அப்படியும் என்னோடதுல நாலு மாறிப்போச்சு."

ஒரே பெட்டி. ஒருத்தி அதில் எதிரியைப் பார்த்தாள், ஒருத்தி தன்னைப் பார்த்தாள். பெட்டியில் இருந்ததென்னவோ கண்ணாடிச் சில்லும் காய்ந்த ரத்தமும்தான்.

பூதக்கண்ணாடி லேசில் விடுகிறவள் இல்லை. "பழைய ஸ்லைடு சார். சாயம் மங்கியிருக்கும். அப்ப தெரிஞ்சது இப்ப தெரியல, அவ்வளவுதான்."

"நாலுக்கு அது பொருந்தும். அப்ப 'இருக்கு', இப்ப 'இல்லை'. ஆனா ரெண்டு ஸ்லைடு எதிர்ப்பக்கம் போகுது. அப்ப 'இல்லை', இப்ப 'இருக்கு'. சாயம் மங்கினா இருக்கிறது மறையும் மேடம். இல்லாதது எப்படி முளைக்கும்?"

அவர் பையிலிருந்து ஆறு சீட்டுகளை எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தார். இருக்கிறது என்று எழுதிய நான்குக்கும் டாக்டர் சீட்டில் காய்ச்சல், நடுக்கம். இல்லை என்று எழுதிய இரண்டுக்கும் உடல்தகுதிச் சான்றிதழ். அவள் ஸ்லைடைப் பார்க்கவில்லை. சீட்டைத்தான் மைக்ரோஸ்கோப் வழியாகப் பார்த்திருக்கிறாள். தேவையில்லாமல் கசப்பு மாத்திரை விழுங்கிய நான்கு பேருக்கும், விட்டுப்போன இரண்டு பேருக்கும் தலைமையகத்திலிருந்து தகவல் போகும் என்றார் ஸ்டிக்கர்.

டாக்டர் ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்தார். "கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?"

"அதையும் நாம காதாலதான டாக்டர் கேட்டோம்?" என்றாள் நாத்தனார். டாக்டர் மறுபடி ஓரத்துக்குப் போய்விட்டார்.

பூதக்கண்ணாடி கடைசிச் சீட்டைக் கையில் எடுத்தாள். நம்பர் முப்பத்தேழு. 'கார் ஓட்டுநர் பயிற்சியாளர். ஆண்டு உடல்தகுதிச் சான்றிதழுக்காக. தொந்தரவு ஏதுமில்லை.' பெயர் இருந்த இடத்தைப் படித்தாள். மறுபடி படித்தாள். மேசைமேல் இருந்த லேப் பதிவேட்டைத் திருப்பினாள். 'கண்டது' என்ற கட்டத்தில் அவள் கையெழுத்தில் அழகாக 'இல்லை'. தமிழில் 'கண்டது' என்பதற்குப் பார்த்தது என்றும் பொருள், குப்பை என்றும் பொருள். இத்தனை வருஷமாக அந்தக் கட்டத்தை நிரப்பியவளுக்கு இரண்டாவது பொருள் அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

"இது... எங்க வீட்டுக்காரர்."

அறையில் நாத்தனார் மட்டும் ஆச்சரியப்படவில்லை.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க. அந்தச் சான்றிதழ் வாங்கினப்புறம் பன்னெண்டு நாள் கழிச்சு அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தது. உங்ககிட்ட சொன்னாராம். 'ரிப்போர்ட்ல ஒண்ணுமில்ல, வேலைக்குப் போக சோம்பேறித்தனம்'னீங்களாம். அப்புறம் என்கிட்ட வந்தார். நான் பார்த்தேன். வட்டத்துக்கு நாலு மோதிரம். மாத்திரை கொடுத்தேன். நகைக்கடையே உள்ள வச்சிருக்கியேன்னு கேலிகூடப் பண்ணினேன்."

"எனக்கு ஏன் சொல்லல?"

"உங்க வாயில யார் விழறது?"

ஸ்டிக்கர் தன் தாளுக்குத் திரும்பினார். இரண்டு லேப் பதிவேட்டிலும் வருகிற நோயாளிகளைத் தேடித்தான் சில ஸ்லைடுகளை எடுத்ததாகவும், ஒருத்தர் விட்டதை இன்னொருத்தர் பிடித்திருக்கிறாரா என்று பார்க்க அதுதான் வழி என்றும் விளக்கினார். யாரும் கேட்கவில்லை. பிறகு தயங்கித் தயங்கி, "ரெண்டு பேருக்கும் வித்தியாசம் கொஞ்சம்தான் மேடம். முடிவு பண்றது எனக்குக் கஷ்டம். ஆனா முப்பத்தேழுக்கு நீங்களே எழுத்துல ஒரு பரிந்துரை கொடுத்திருக்கீங்க. கையெழுத்தோட" என்று தாளைத் திருப்பிக் காட்டினார். இவரை இனி மைக்ரோஸ்கோப் பக்கமே விடக்கூடாது.

"யாரைப் பத்தின்னு தெரியாம நீங்க எழுதினது. வேணும்னா அதை அடிச்சுடுங்க. புதுத் தாள் தர்றேன்" என்றார் ஸ்டிக்கர்.

நிஜமாகவே ஒரு புதுத் தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தார். பேனாவும். மைக்ரோஸ்கோப்புக்கும் வாசல் மேசைக்கும் நடுவே இருந்தது அந்த ஒரு வரிதான்.

அவள் பேனாவை எடுத்தாள். புதுத் தாளைத் தொடவில்லை. பழைய தாளை இழுத்து, தான் எழுதிய வரியில் 'முப்பது' என்பதை அடித்து, மேலே 'இருபது' என்று எழுதினாள்.

"அன்னைக்கு ஸ்லைடைப் பார்த்துட்டு இருக்கும்போதே, வண்டி நிக்குது, சீக்கிரம்னு வெளியே எங்க வீட்டுக்காரர் ஹாரன் அடிச்சார். முப்பதெல்லாம் இருக்காது சார். இருபதே அதிகம்." தாளைத் தள்ளிவைத்தாள். "கண்டதைக் கண்டபடி எழுதச் சொன்னது நீங்கதான? எழுதினது இருக்கட்டும்."

வீட்டுக்கு வந்து, கைப்பையைக்கூடக் கழற்றாமல் கணவர் முன்னால் நின்றாள். அவருக்குத் தங்கை ஏற்கெனவே போன் பண்ணியிருந்தாள்.

"மலேரியாவை மறைச்சு வச்சிருக்கீங்க."

"மறைக்கலையே. முதல்ல உன்கிட்டதான சொன்னேன். நீ ரிப்போர்ட்டை நம்பின, என்னை நம்பல."

"நேத்து நான் அந்த முப்பத்தேழைப் படிச்சதும் எழுந்து போனீங்க. கதவைக்கூட சத்தமில்லாம சாத்தினீங்க. சிகரெட்டுன்னு நினைச்சேன். இப்பதான் புரியுது. குற்ற உணர்ச்சி."

"அது கீலுக்கு எண்ணெய் போட்டதும்மா. நேத்துக் காலையிலதான் போட்டேன். வேணும்னா நீயே சாத்திப் பாரு."

அவள் போய்ச் சாத்திப் பார்த்தாள். சத்தமே வரவில்லை. திறந்தாள், ஓங்கிச் சாத்தினாள். அப்போதும் பெரிதாக வரவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு புது வழக்கம் வந்தது. அவள் எதையாவது கண்டுபிடித்து ஆரம்பித்தாலே அவர், "இதையும் இன்னொருத்தர் பார்க்கணும்" என்று கையைத் தூக்கிவிடுவார்.

சீட்டு மேசையில் உட்கார்ந்த முதல் வாரம் அவள் யாரோடும் பேசவில்லை. இருமல் அவளை நோக்கி வந்தது, அவள் டோக்கனை நோக்கிக் குனிந்தாள். இரண்டாவது வாரம் ஒரு விஷயம் உறைத்தது. டாக்டர் எழுதுகிற ஒவ்வொரு சீட்டும் லேபுக்குள் போவது இந்த மேசை வழியாகத்தான்.

அன்றோடு சீட்டு உள்ளே போவது நின்றது. ஸ்லைடும் நம்பரும் மட்டும் போயின. சீட்டெல்லாம் அவள் இழுப்பறையில், பூட்டுக்குள். டாக்டர் வந்து முறையிட்டார். "நான் எழுதறதை லேப்ல யாரும் படிக்கலைன்னா நான் எதுக்கு எழுதறேன் மேடம்?" முடிவு வந்தபிறகு படித்துக்கொள்ளலாம் என்றாள். ஸ்டிக்கருக்கு விஷயம் எட்டி, அந்த ஏற்பாட்டுக்கு ஒரு படிவமே அடித்து அனுப்பிவிட்டார். கூடவே, மதியம் கூட்டம் குறைந்ததும் பத்தில் ஒரு ஸ்லைடை அவளும் பார்க்கவேண்டும், முதல் முடிவு என்னவென்று தெரியாமல், என்று ஓர் உத்தரவும் வந்தது. விடக்கூடாது என்று எழுதியவளே போய் உட்கார்ந்தாள். நூறு வட்டம் முடியும்வரை எழுந்திருக்கவில்லை.

லேபுக்கும் சீட்டு மேசைக்கும் நடுவே மெல்லிய பலகைத் தடுப்பு ஒன்றுதான். கூட்டம் நெரிகிற காலை நேரங்களில் தடுப்புக்கு அப்பாலிருந்து குரல் வரும்.

"அண்ணி! இந்த நாற்பத்திரெண்டு காய்ச்சல்காரரா, சான்றிதழ்காரரா? அதையாவது சொல்லுங்களேன்!"

"எத்தனை வட்டம் ஆச்சு?"

"எழுபது. ஒண்ணும் தெரியல."

"மேல பாரு. உங்க அண்ணன் எழுபத்திநாலுலதான் கிடைச்சார்."